இத்தாலிக்காரரின் காளானும் என் மூக்கும்

நல்ல மூக்கு வாய்த்தவன் நிம்மதியாக இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பால் திரியப்போவதை முந்தின நாளே சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். (பீற்றலுக்கு வரியா போடுகிறார்கள்?)

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் ஒரு பெரிய ஹோட்டலின் ஸ்டோரில் தற்காலிக வேலை. மூன்று மாதம் முடிகிற நாள் அது. வேலை நிரந்தரமானால்தான் சரோஜாவைத் தருவேன் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். மண்டி மொஹல்லாவில் வீடுவீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறவர். வாயைத் திறந்தால் வசனம்தான். "தம்பி, வாசனை வந்தா யோசனை கூடாது. வால்வை மூடு, ஆளைக் கிளப்பு!"

அன்று மதியம் ஓர் இத்தாலிக்காரர் பன்னிரண்டு பேருக்கு விருந்து வைத்திருந்தார். எங்கள் தலைமைச் சமையல்காரர், கொள்ளேகால் பழனிச்சாமி அண்ணன், பன்னிரண்டு கிண்ணம் சூஃப்ளேயை கேஸ் ஓவனுக்குள் வைத்து மூடினார்.

"முட்டை நொரைடா. இருவது நிமிசம் சூடு கொறையப்படாது. அமுங்குச்சு, என்ற மானமும் அமுங்கிப்போயிரும்."

தலையாட்டிவிட்டு வெண்ணெய் எடுக்க ஸ்டோருக்குப் போனேன். கதவைத் திறந்ததும் குப்பென்று கேஸ் நாற்றம்.

ஸ்டோரில் அடுப்பே கிடையாது. இங்கேயே இப்படி என்றால் சமையலறையில்? எட்டு அடுப்பு எரிகிறது. வெளியே பன்னிரண்டு விருந்தாளிகள். யோசனை கூடாது!

ஓடினேன். மெயின் வால்வை மூடினேன். "கேஸ்! வெளியே ஓடுங்க!" என்று அலறினேன். இத்தாலிக்காரர் கழுத்தில் துண்டோடு புல்வெளிக்கு ஓடினார். மேனேஜர் அவரையும் முந்திக்கொண்டு ஓடினார்.

பழனிச்சாமி அண்ணன் மட்டும் நகரவில்லை. அணைந்துபோன ஓவனின் கண்ணாடிக் கதவு வழியே சூஃப்ளேக்கள் ஒவ்வொன்றாக உட்காருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கடா நாத்தம்?"

ஸ்டோருக்கு அழைத்துப்போனேன். மூக்கு என்னை ஓர் அரிசி ஜாடிக்கு முன்னால் நிறுத்தியது. அண்ணன் மூடியைத் திறந்தார். அரிசிக்கு நடுவே, சேப்பங்கிழங்கு மாதிரி அழுக்காக ஓர் உருண்டை. அதே நாற்றம்.

"அட கெரகமே! ட்ரஃபிள்டா இது. மண்ணுக்குள்ள வெளையற காளான். தங்க வெல! நூடுல்ஸ் மேல சீவிப் போடறதுக்கு அந்த மனுசன் ஊர்லயிருந்து கையோட கொண்டாந்தது. எவனாச்சும் எடுத்துப்போடுவான்னு நான்தான் ஒளிச்சு வெச்சேன்!"

புல்வெளியிலிருந்து திரும்பிய மேனேஜர் மூச்சு வாங்கியபடி சொன்னார்: "மூகு சென்னாகிதே. நாளெயிந்த நீனு பரபேடா." மூக்கு நன்றாயிருக்கிறதாம், நாளையிலிருந்து நான் வரவேண்டாமாம்.

சரோஜா வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் அப்பா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "இருவது வருசமா ஊருக்கே சொல்றேன், ஒருத்தன் கேக்கல. இவன் கேட்டு வேலையே போச்சு. இனி இவனை எப்படிம்மா வேணாங்கறது?"

வேறு வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆனது. இன்றைக்கும் விருந்துக்குப் போன இடத்தில் நான் இலைமேல் குனிந்து லேசாக மூக்கை உறிஞ்சினால் போதும், சரோஜா பக்கத்திலிருப்பவர்களிடம் திரும்பிச் சொல்லிவிடுவாள்: "எல்லாரும் செருப்பைப் போட்டுக்கிட்டே சாப்பிடுங்க. இவரு மோந்து பாக்கறாரு."