மார்ச் இரண்டாம் தேதி சைஸ் பனியன்

கணினியில் நான் நம்பியது ஒன்றே ஒன்று: நோட்பேடு. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆர்டர் விவரம் எல்லாவற்றையும் வெறும் எழுத்துக் கோப்பாகவே வைத்திருந்தேன். "கலர் கிடையாது, கட்டம் கிடையாது, அதனால தப்பும் கிடையாது" என்று எல்லோரிடமும் சொல்வேன். (யாரும் கேட்டதில்லை.)

லேபிள் அச்சகம் எக்ஸெல் கோப்புதான் வேண்டும் என்றது. குழந்தைகள் பனியன், சைஸ் வயதுப்படி 2-3, 4-5, 6-7. என் கோப்பை எக்ஸெல்லில் திறந்தேன், சேமித்தேன், பார்க்காமலே அனுப்பினேன்.

"செரியா இருக்குங்களா?" என்றார் முதலாளி.

"ஒரு எழுத்து மாறாதுங்க."

ஆய்வு நாள் காலை பத்து மணி. சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆய்வாளர் மூன்று மணிக்கு வருகிறார். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போகும், ஆர்டரோடு நானும். அப்போது செக்கிங் மேசையிலிருந்து மாரியம்மாள் அக்கா (சாத்தூர்க்காரர்) ஒரு பனியனின் கழுத்தைப் புரட்டிக் காட்டினார்.

"என்ன தம்பி, பனியனுக்குப் பொறந்தநாளா?"

லேபிளில் 02-மார்ச் என்று இருந்தது. அடுத்த அடுக்கில் 04-மே. கோடு போட்ட இரண்டு எண்களைக் கண்டால் எக்ஸெல் அதைத் தேதி என்று முடிவு கட்டிவிடும், நம்மைக் கேட்காது. தைத்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். "ஆபீஸ்ல குடுத்ததுங்க, வெளிநாட்டு சைஸா இருக்கும்" என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார்.

அவசரமாகக் கோப்பைத் திறந்து, அந்தக் கட்டங்களை எழுத்து வடிவத்துக்கு மாற்றினேன். மார்ச் போய், எக்ஸெல் தேதிக்கு உள்ளே வைத்திருக்கும் எண் வந்தது: 45718.

முதலாளி பின்னால் நின்றிருந்தார். கோபத்திலும் அவர் மரியாதையைக் குறைக்க மாட்டார், பயமே அதுதான். "ஏனுங் தம்பி, நாப்பத்தஞ்சாயிரம் வயசுல ஆருங்க பனியன் போடுவாங்க?"

மாரியம்மாள் அக்கா ஒரு பெட்டி அட்டையைக் கிழித்து, மார்க்கரில் மூன்று சைஸையும் எழுதினார். "இதப் போட்டோ புடிச்சு அச்சகத்துக்கு அனுப்புங்க." பன்னிரண்டு மணிக்குப் புது லேபிள் வந்தது. நல்லவேளை, சின்ன ஆர்டர். செக்கிங் ஆட்கள் பழைய லேபிளைப் பிரித்தார்கள், டெய்லர்கள் திரும்பத் தைத்தார்கள். நானும் பிரித்தேன். இரண்டு பனியனில் ஓட்டை விழுந்ததும் என்னைத் தள்ளி உட்காரச் சொன்னார்கள்.

மூன்று மணி. ஆய்வாளர் ஒரு பெட்டியைக் காட்டினார். மாரியம்மாள் அக்கா திறந்தார். ஆய்வாளர் அடியிலிருந்து ஒரு பனியனை உருவிக் கழுத்தைப் புரட்டினார். 2-3. இன்னொன்று. 4-5. கையெழுத்துப் போட்டார்.

லாரி கிளம்பிய பிறகு அக்கா ஒரு பனியனை என் கையில் திணித்தார். பழைய லேபிள். "பெட்டியத் தொறக்கையில மேலயே கெடந்துச்சு. முந்தானைக்குள்ள தள்ளிட்டேன்."

என் பிறந்தநாள் ஆகஸ்டில். வீட்டில் யாருக்கும் அது நினைவில்லை. மார்ச் இரண்டாம் தேதி மட்டும் மனைவி தவறாமல் கேசரி கிளறுகிறாள். மகள் பீரோவிலிருந்து அந்தப் பனியனை எடுத்துவந்து என் தலையில் மாட்டி, "செரியா இருக்குங்களா?" என்கிறாள்.

"ஒரு எழுத்து மாறாதுங்க" என்று நான் சொன்னால்தான் கேசரி.