லேசருக்கு நேர்ந்த நூற்றியொரு வெடி

சத்தம் போடத் தெரியாதவர்களைப் பற்றி ஊரில் ஒரு நல்ல அபிப்பிராயம் உண்டு. அடக்கமானவன், பொறுமைசாலி என்பார்கள். அதெல்லாம் வாய்வார்த்தைதான். எங்காவது ஒன்று உடைந்தால், கசிந்தால், காணாமல் போனால், எல்லாரும் முதலில் திரும்பிப் பார்ப்பது அந்த அடக்கமானவனைத்தான். பதில் பேசமாட்டான் அல்லவா? பழி போட அதைவிட வசதியான ஆள் எங்கே கிடைப்பான்?

நான் அப்படிப்பட்டவன். பஸ்ஸில் "ஆள் இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும்வரை காத்திருந்து கூடவே இறங்கிக்கொள்கிறவன். (பாறசாலையில் இறங்க வேண்டியவன் களியக்காவிளை வரை போய், மாநில எல்லையைத் தாண்டிவிட்டுத் திரும்பி நடந்து வந்த நாட்கள் உண்டு.) அப்படிப்பட்ட என்னைப் பார்த்து "உனக்கு வாயடக்கம் போதாது" என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பினார்கள் என்றால் நம்புவீர்களா? இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அது. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு எங்கள் ஊரான கொல்லயிலில் சும்மா இருந்தேன். எங்கள் வீட்டுக்கு ஒரு தோப்பு தள்ளி ஷீலா மேடத்தின் குடும்ப வீடு. மேடம் திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுப்பவர். அவர் செய்துகொண்டிருந்த லேசர் ஆராய்ச்சிக்குக் கல்லூரி வாசலில் போகும் பஸ்களின் அதிர்வு ஆகவில்லை. ஆகவே கருவிகளை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து, குடும்ப வீட்டின் நிலவறையில், முன்பு நெல் கொட்டிவைத்திருந்த இடத்தில் இறக்கிவிட்டார். மண்ணுக்கடியில் வெயிலும் தெரியாது, மழையும் தெரியாது. உதவிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று என் அம்மாவிடம் வந்து கேட்டார்.

"மாமி, உங்களுக்க சசி நடந்தா சத்தமே கேக்காதே. அவனை எனக்குத் தாங்க."

இதுதான் என் தகுதி. இதற்காகத்தான் என்னை எடுத்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்த ஆராய்ச்சியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒளி என்பது ஒரு துடிப்பு. ஒரு நொடியில் எத்தனை தடவை துடிக்கிறது என்று எண்ண வேண்டும். அது எழுதிமாளாத எண். எங்களிடம் இருந்த எந்தக் கருவியும் அதை நேராக எண்ணாது. அதனால் இரண்டு லேசர்களை வைத்து, இரண்டின் துடிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எண்ணுவார்கள். லேசர் குழாயின் இரண்டு முனையிலும் சின்னக் கண்ணாடிகள். அவற்றுக்கு இடையிலுள்ள தூரம் கண்ணுக்குத் தெரியாத அளவு மாறினால் போதும், எண் ஓடிவிடும். அது ஓடாமலிருக்க உள்ளே ஒரு குப்பியில் அயோடின் ஆவி. அந்த ஆவிக்குச் சில துடிப்புகளைத்தான் அடையாளம் தெரியும். அதில் ஒன்றைப் பற்றிக்கொண்டு லேசர் அசையாமல் நிற்க வேண்டும். இதை மேடம் "லாக்" என்பார். லாக் ஆனதும் எண்ணும் கருவியின் சிவப்பு எழுத்துகள் அப்படியே நிற்கும். லாக் விட்டுவிட்டால் பைத்தியம் பிடித்ததுபோல் ஓடும்.

ஓடினால் யார் காரணம்?

"சசி, நீ அசைஞ்சியா?"

"இல்ல மேடம்."

"பின்னே மூச்சு விட்டியா?"

மூச்சு விட்டேன் என்று ஒத்துக்கொள்வதா, விடவில்லை என்று பொய் சொல்வதா? தலையைக் குனிந்துகொள்வேன். அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். கருங்கல் பலகையின் மேல் லேசர்கள். பலகைக்கு அடியில் அதிர்வைத் தாங்க ஸ்கூட்டர் டியூபுகள். அந்த டியூபுகளுக்குச் சைக்கிள் பம்பால் காற்றடிப்பது என் வேலை. மற்ற நேரமெல்லாம் மூலையில் ஒரு முக்காலியில் சிலைபோல உட்கார்ந்திருப்பதும் என் வேலைதான். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு படியேறி, தோப்பைத் தாண்டிப் போய்த் தும்மிவிட்டு வருவேன். என் உடம்புச் சூட்டால்கூட எண் நகர்கிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டார். உடம்பை எங்கே கழற்றி வைப்பது? இதற்கிடையில் மேடம் குதிகால் வைத்த செருப்போடு சிமெண்டுத் தரையில் டக்கு டக்கென்று நடப்பார். அதற்கு லேசர் அசையாதாம். படித்தவர்களின் செருப்பை அது மதிக்கும் போலிருக்கிறது.

கடைசியில் பணம் கொடுக்கும் இடத்திலிருந்து ஒரு குழு வந்து பார்க்கப்போகிறது என்று தகவல் வந்தது. மேடம் என்னைக் கூப்பிட்டார். "அவங்க நல்லதுன்னு சொன்னா காலேஜிலேயே பூமிக்கடியில புது லேப் கட்டித் தருவாங்க. உனக்கு அங்க நிரந்தர வேலை. இல்லேன்னா எல்லாத்தையும் பூட்டிட்டு நீயும் நானும் வீட்டுக்குப் போவலாம்." எனக்கு இதுவே வீட்டுக்குப் பக்கம்தான். ஆனாலும் அன்றே டியூபுகளுக்கு இன்னொருதரம் காற்றடித்தேன். நிரந்தர வேலை என்ற சொல்லை என் குடும்பத்தில் அதுவரை யாரும் தங்களைப் பற்றிச் சொல்லிக் கேட்டதில்லை.

குழு வரும் காலையில் ஊரில் ஓர் அதிர்வும் கூடாது என்று, என்னை, பேசவே கூச்சப்படும் என்னை, வீடு வீடாக அனுப்பினார். மாவு மில்லில் போய் நின்றேன். மில்காரர் நான் வாய் திறப்பதற்குள் என் கையைப் பார்த்து, "அரைக்க ஒண்ணும் கொண்டு வரல்லியா?" என்றார். தேங்காய் போடுகிறவரிடம் போனேன். "லேசரு பயந்து பேடிக்கும்னா தேங்காயை மெள்ள விழச் சொல்லவா?" என்று மரத்தின் உச்சியிலிருந்து கேட்டார். சர்ச்சில் கொட்டுப் பழகுகிற பிள்ளைகளிடம் சொன்னேன். கேலி செய்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். கடைசியாகப் பகவதி கோயில் வழிபாட்டுக் கவுண்டரில் இருந்த மாதவண்ணனிடம் போனேன். எங்கள் பக்கத்துக் கோயில்களில் வேண்டுதலுக்கு வெடி நேர்வது உண்டு. இரும்புக் குற்றிகளில் மருந்தைத் திணித்து வரிசையாக நட்டு, ஒவ்வொன்றாகத் தீ வைப்பார்கள். கதினா வெடி. யாருக்காக நேர்ந்தது என்று பெயரையும் நட்சத்திரத்தையும் முதலில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். பக்கத்தில் நின்றால் நெஞ்சுக்கூடு கிடுகிடுக்கும்.

"நாளைக்கு வெடி உண்டா அண்ணே?"

"ஒருத்தரும் சீட்டு எடுக்கல்ல. நீ தைரியமா போலே," என்றார்.

நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அம்மா கேட்டார், "அந்தச் சாமானத்துக்கு என்னதான் கேடு மக்கா?"

"கேடு ஒண்ணும் இல்லம்மா. ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. நழுவிப் போவுது."

"மொதல்ல அத என்னைக்குக் கொளுத்தினிய?"

பேச்சுவாக்கில் தேதியைச் சொன்னேன். அம்மா சுவரிலிருந்த பழைய காலண்டரை எடுத்துத் தாளைப் புரட்டிவிட்டு, ஏதோ பெரிய நோயைக் கண்டுபிடித்த டாக்டர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"ஆயில்யம்! பாம்புக்க நட்சத்திரம் ஆக்கும். பின்ன நழுவாம ஒரு எடத்துல கெடக்குமா?"

நான் சிரித்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நான் குளிக்கப் போன நேரத்தில் அம்மா முண்டு மாற்றி உடுத்திக்கொண்டு எங்கே கிளம்பினார் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் குழு வந்தது. இரண்டு பேர். தலைவர் வடக்கத்திக்காரர், உயரமானவர். சிரிப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டவர் போன்ற முகம். மற்றவர் மதராஸ்காரர். மேடம் லாக் போட்டார். சிவப்பு எழுத்துகள் நின்றன. கடைசி ஓர் இலக்கம் மட்டும் லேசாக அசைந்தது. மற்றதெல்லாம் கல்லில் வெட்டியதுபோல. தலைவர் தலையாட்டினார். நான் முக்காலியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நிரந்தர வேலையை மனசுக்குள் ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அப்போது கோயில் ஒலிபெருக்கிக் குழாயில் ஒரு கரகரப்பு. பிறகு மாதவண்ணனின் குரல், நிறுத்தி நிதானமாக, மலையாளத்தில்:

"லேசர், ஆயில்யம் நட்சத்திரம், நூற்றியொண்ணு கதினா வெடி."

மேடம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குப் படிப்பு போதாது.

எழுந்தேன். ஓட வேண்டும். ஆனால் பழகிய பழக்கம்! லேசர் அசையக்கூடாது என்று நுனிக்காலில், பூனைபோல, படிப்படியாக ஏறிப் போகிறேன். (வெடி வெடிக்கப் போகிறது, நான் பாதம் அதிராமல் நடக்கிறேன்.) முற்றத்தை அடைந்ததும்தான் ஓட்டம் பிடித்தேன். பாதி வழியில் முதல் வெடி. அதன் பின்னால் அந்த வரிசை முழுவதும். தென்னைகளில் இருந்த காக்கைகள் எல்லாம் காரக்கோணம் பக்கமாகப் பறந்தன.

கோயிலில் அம்மா கைகூப்பிக் கண்மூடி நின்றிருந்தார். முகத்தில் அப்படி ஓர் அமைதி. வெடிக்காரர் முதல் வரிசை முடிந்து குற்றிகளில் மறுபடியும் மருந்து திணித்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். உதறினார்.

"நேர்ச்சைய பாதியில நிப்பாட்டினா தோஷமாக்கும். தள்ளி நில்லுடே!"

மாதவண்ணனிடம் ஓடினேன். "வெடி இல்லேன்னு சொன்னியளே அண்ணே!"

"நீ போனப் பொறவுதானே உனக்க அம்மை வந்தா. லேசருக்குன்னு சொன்னா. நீதான் மனசு மாறி அனுப்பினியாக்கும்னு நெனச்சேன். நல்ல காரியம்தானலே?"

எத்தனை மாதமாகவோ உள்ளே அடக்கி வைத்த மூச்செல்லாம் அந்த இடத்தில் வெளியே வந்தது. என் வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தினேன்.

"நல்ல காரியமா? எனக்க வேலை போவும் ஓய்! மூச்ச அடக்கிக் கெடந்தேன். தும்ம வந்தா தோப்புக்கு ஓடினேன். எல்லாத்துக்கும் சசி, சசி, சசி! அந்த மேடம் குதிகால் செருப்பு போட்டுட்டு டக்கு டக்குன்னு நடக்கா, அதுக்கு ஆடாத லேசரு நான் மூச்சு விட்டா ஆடுமா? மனுசியா அவ? பிசாசு!"

'பிசாசு' என்ற சொல் என் வாயிலிருந்து ஒருமுறையும், கொஞ்சம் தாமதமாகத் தென்னைமரத்தில் கட்டிய குழாயிலிருந்து ஒருமுறையும் கேட்டது.

"எலே சசி," என்றார் மாதவண்ணன் மிக மெதுவாக. "மைக்கு ஆன்ல கெடக்குலே."

அம்மா கண்ணைத் திறந்தார். "நேர்ச்சை நடக்கும்போ இப்பிடிப் பேசப்பிடாது மக்கா," என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். அடுத்த வரிசை வெடித்தது.

எல்லா வெடியும் தீர்ந்த பிறகுதான், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினேன். நிலவறையில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சத்தியம் செய்தவர்கூட. நடந்ததை மதராஸ்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார். முதல் வெடியில் இரண்டு லேசரும் லாக்கை விட்டுவிட்டன. எண் தறிகெட்டு ஓடியது. வெடிக்காரர் மருந்து திணிக்கிற இடைவெளியில் மேடம் மறுபடி லாக் போட்டார். அதே எண்! மறுபடி வெடி, மறுபடி லாக், மறுபடியும் அதே எண்! தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த வெடி எப்போது என்று கேட்கத் தொடங்கிவிட்டாராம். யாரும் தொடாதபோது அசையாமல் நிற்கிற லேசரை எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டார்களாம். எத்தனை தரம் தள்ளிவிட்டாலும் தன் இடத்துக்கே திரும்பி வருகிறதா என்பதுதான் உண்மையான பரீட்சையாம். அந்தப் பரீட்சையை இவ்வளவு பலமாக இதுவரை யாரும் நடத்திக் காட்டியதில்லையாம்.

"நடுவுல நீங்க பேசினதையும் சாருக்கு மொழிபெயர்த்தேன்," என்றார். "எல்லாத்தையும்."

தலைவர் அதைக் கேட்டுவிட்டுக் குனிந்து மேடத்தின் காலைப் பார்த்தாராம். நானும் பார்த்தேன். மேடம் வெறுங்காலோடு நின்றிருந்தார்.

"சசி, எல்லாருக்கும் சாயா கொண்டு வா," என்றார்.

கல்லூரியில் புது லேப் வந்தது. லேசர்கள் போயின. கருங்கல் பலகை போயிற்று. நான் காற்றடித்த ஸ்கூட்டர் டியூபுகள்கூடப் போயின. நான் போகவில்லை. காரணம் கேட்க எனக்குக் கூச்சம். அம்மாதான் போய்க் கேட்டுவந்தார். பெரிய இடத்தில் பல ஆட்கள் வந்து போவார்கள், சசிக்கு வாயடக்கம் போதாது என்றார்களாம். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வாய் திறந்தேன் ஐயா! அதையும் நானா ஊருக்கு ஒலிபரப்பினேன்? மைக்கை அணைக்காத மாதவண்ணனுக்கு ஒன்றுமில்லை. நூற்றியொரு வெடி வைத்தவருக்கு ஒன்றுமில்லை. அவற்றைத் தடுக்க ஓடினவனுக்குத் தண்டனை.

பிறகு பாறசாலையில் ஒரு பெயிண்டுக் கடையில் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். அதிர்ந்தால் ஓடிப்போகிற எதுவும் அங்கே இல்லை.

அம்மாவுக்கோ வேலையைப் பற்றிய வருத்தம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. தன் வெடி பலித்துவிட்ட பெருமைதான். அன்றிலிருந்து கோயிலில் வீட்டாருக்கு அர்ச்சனைச் சீட்டு எழுதும்போதெல்லாம் முதல் பெயர், "லேசர், ஆயில்யம்." அதற்கப்புறம்தான் நான். கல்யாணமான புதிதில் இதைக் கவுண்டரில் கேட்டுவிட்டு என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூத்த தாரத்துப் பிள்ளையை மறைத்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள்.

இப்போது என் மகள்களும் அவனை "மூத்த அண்ணன்" என்றுதான் சொல்கிறார்கள். கோயிலிலிருந்து பாயசம் வந்தால் ஆளுக்கொரு பங்கு. லேசருக்கும் ஒரு பங்கு. அதை யார் குடிப்பது என்று மகள்கள் இருவரும் போடுகிற சண்டை அடுத்த வீடுவரை கேட்கும். அந்தப் பங்கு நியாயப்படி எனக்குத்தான் வர வேண்டும். அதைச் சொல்லலாம்தான். ஆனால் அந்த இரைச்சலில் என் பேச்சு காதில் விழ வேண்டுமென்றால், நான் கத்த வேண்டியிருக்கும்.