'இல்லை' சொல்லிப் பென்ஷன் வாங்கியவர்

ஒருவர் ஆயுள் முழுக்க "இல்லை" என்று மட்டும் சொல்லி, அதற்குச் சம்பளமும் வாங்கி, பிறகு பென்ஷனும் வாங்க முடியும் என்றால் நம்புவீர்களா? மொன்றியலில், செயின்ட்-மிஷேலில், எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி மந்திரி அப்படித்தான் வாழ்ந்தார்.

உண்மையில் அவர் மந்திரி இல்லை. ஒஸ்ரியாக்காரர். முதலில் வழக்கறிஞர், பிறகு வியன்னாவில் நிதியமைச்சில் பெரிய அதிகாரி. நிதியமைச்சு என்று கேட்டதுமே கட்டடத்திலிருந்த எங்கள் தமிழ் ஆட்கள் பதவியை உயர்த்திவிட்டார்கள். அதில் அவருக்குக் கோபம். மந்திரிமார் வருவார்கள், போவார்கள். அவர்களை மறுப்பதற்கு ஒருவன் நிரந்தரமாக இருக்க வேண்டும், அது நான் என்பார். தொகுதிக்குப் பாலம் கேட்டவர், மச்சானுக்கு வரிச்சலுகை கேட்டவர் எல்லோரையும் எழுந்து நின்று வரவேற்று, கோப்பி கொடுத்து, கைகுலுக்கி அனுப்பியவராம். காரில் ஏறிய பிறகுதான் ஒன்றும் கிடைக்கவில்லை என்பது அவர்களுக்கு உறைக்குமாம்.

பென்ஷனோடு, நகரின் மேற்குப் புறத்தில் கர்க்லாண்டிலுள்ள மகள் வீட்டுக்கு வந்தார். அங்கே யாரும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை. மறுக்க ஆளில்லாத வீட்டில் மனிதன் எப்படி இருப்பது என்று எங்கள் கட்டடத்துக்குக் குடிவந்துவிட்டார். தமிழில் அவர் பொறுக்கிய ஒரே சொல் "இல்லை". காப்புறுதி விற்பவர், சங்கத் தலைவர், யார் வந்தாலும் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு கதவைத் திறந்து அதைச் சொல்வார். அம்மா பொரித்துக் கொடுக்கும் ரோல்ஸுக்கும் முதலில் "இல்லை"தான்; பிறகு மூன்று சாப்பிடுவார்.

நாங்களோ நேர் எதிர். வீடு தேடி வந்தவர் முகம் வாடக்கூடாது. கட்டடத்தை வாங்கிய புது முதலாளி, திருத்த வேலை இருக்கிறது, எல்லோரும் வெளியேற வேண்டும் என்று வீடு வீடாக வந்தபோது, அம்மா தேத்தண்ணி கொடுத்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். மற்ற வீடுகளிலும் இதே உபசாரம். கட்டடமே சம்மதித்துவிட்டது என்று முதலாளி பூரித்துப்போனார். நான் தலையில் கைவைத்தேன்.

"நான் எங்கையடா ஓம் எண்டனான்? சும்மா தலையைத்தானே ஆட்டினனான்," என்றார் அம்மா. "வந்த மனுசனுக்கு முகத்துக்கு நேரை எப்பிடி இல்லையெண்டுறது?"

முதலாளி கடைசியாக மூன்றாம் மாடிக்கு ஏறினார். ரை, கோப்பி, கைகுலுக்கல். வெகுநேரம் கழித்துச் சிரித்த முகத்தோடு இறங்கினார். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். காரில் ஏறியதும் அந்தச் சிரிப்பு அப்படியே வடிந்தது. சட்டப்படி ஒருவரையும் வீட்டைவிட்டு எழுப்ப முடியாது என்று பழைய வழக்கறிஞர் சொல்லி அனுப்பியது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அதன் பிறகு திருத்த வேலையைப் பற்றி அவர் பேசவேயில்லை.

கொஞ்ச நாளில் மந்திரியின் மகள் வந்தாள். வயதாகிவிட்டது, இனிப் படியேறக்கூடாது, கையோடு கூட்டிப்போகிறேன் என்றாள். எத்தனையோ மந்திரிமாரை மறுத்த மனிதர், எங்கள் வீட்டுக் கதிரையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அம்மா மகளுக்குத் தேத்தண்ணி கொடுத்தார். பிறகு எழுந்து நின்றார்.

"இல்லைப் பிள்ளை. அப்பா எங்களோடை இருக்கட்டும். நாங்கள் பாப்பம்."

அம்மா ஒருவருடைய முகத்துக்கு நேரே அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். மொழிபெயர்த்தேன். மகள் தகப்பனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தனியாகவே திரும்பிப் போனாள்.

போன பனிக்காலம் மந்திரி இறந்துபோனார். மரணம் முறைப்படி கதவைத் தட்டிக் கேட்டிருக்காது. கேட்டிருந்தால் கோப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பியிருப்பார். அம்மா இன்னும் மூன்று ரோல்ஸ் கூடுதலாகவே பொரிக்கிறார். முதலில் வேண்டாமென்று சொல்ல ஆளில்லாமல் அவை தட்டிலேயே ஆறிப்போகின்றன.