ஏழு கண்டங்களும் ஒரு லயமும்

உலகில் எத்தனை கண்டங்கள் என்று பேரறிஞர்கள் இன்னும் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, இலங்கை மலையகத்தின் பதுளையில் ஓர் அரச காரியாலயம் சென்ற புதன்கிழமை பகல் சாப்பாட்டுக்கு முன்பே அதைத் தீர்த்துவைத்தது. பொதுமக்களில் இந்த மகத்தான தருணத்தைக் கண்ணால் கண்டவள் ஒருத்திதான். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் விஜயலெட்சுமி. பாவம், அவள் வேறு காரியமாக வந்திருந்தாள்.

அவள் குடியிருக்கும் லயம் தொழிலாளருக்காக ஒரே கூரையின் கீழ் கட்டிய நீண்ட வரிசை வீடு; அதில் பன்னிரண்டு குடும்பம், விலாசம் ஒன்று. கடிதம் வந்தால் தோட்ட ஆபிசில் யார் கண்ணில் படுகிறார்களோ அவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். போன வருடம் மகள் கம்சலாவுக்குத் தாதியர் பயிற்சி நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. அரசாங்க முத்திரை போட்ட காகிதமாயிற்றே என்று கோடி வீட்டுக்காரர்கள் அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் பயபக்தியோடு வைத்து, மறந்துபோனார்கள். தேர்வு முடிந்து மூன்று வாரம் கழித்துத்தான் கைக்குக் கிடைத்தது. இந்த மாதம் மறுபடியும் கடிதம் வரவேண்டும். கம்சலாவின் வயதுக்கு இதுவே கடைசித் தடவை. வீட்டுக்கு ஓர் இலக்கம் வாங்கிவிட்டால் போதும் என்று விஜயலெட்சுமி வந்திருந்தாள்.

இலக்கம் தரவேண்டிய அதிகாரி லிங்கமோ ‘அவசரக் கூட்டத்தில்’ இருந்தார். மாணவர் பொது அறிவுப் போட்டிக்குக் கேள்வி தயாரிக்கும் உபகுழு. கூட்டம் நடந்தது அவருடைய மேசையைச் சுற்றியே என்பதால், மூலையில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்த அவளுக்கு எல்லாம் காதில் விழுந்தது.

முதல் கேள்வியிலேயே அதிகாரிகள் குழு மூன்றாக உடைந்தது. ஏழு கண்டம் என்றார் லிங்கம். ஆசியாவும் ஐரோப்பாவும் ஒரே நிலம், ஆகவே ஆறு என்றார் ஹுமைத். அமெரிக்கா இரண்டும் ஒன்று, ஆளே குடியில்லாத அந்தாட்டிக்கா கணக்கில் சேராது, ஒலிம்பிக் கொடியிலும் வளையம் ஐந்துதானே என்றார் இத்ரூஸ். மீன் அடைத்த மாலுபாணும் பால் விடாத பிளேன்டீயும் வந்தன. தெம்பு கூடியதும் கொள்கைப் பிடிப்பும் கூடியது. கடைசியில் லிங்கம் எழுந்து நின்றார்.

“நெலம் ஒட்டியிருந்தா ஒண்ணாயிடுமா? நடுவுல ஒரு மலை நிக்குது. இந்தப் பக்கம் சாப்பாடு வேற, பழக்கவழக்கம் வேற. ரெண்டையும் ஒண்ணா எண்ணினா அந்த சனங்களுக்கு அவமானம் இல்லையா?”

சபை உருகியது. விஜயலெட்சுமிக்கும் நெஞ்சு குளிர்ந்தது. இந்த மனுசனுக்கு நம் கஷ்டம் புரியும் என்று நம்பினாள். ஏழு கண்டங்களும் வரிசை இலக்கத்தோடு குறிப்பேட்டில் ஏறின. அடுத்து அவள் முறை.

லிங்கம் தோட்டத்து வரைபடத்தை விரித்து, லயத்தைக் குறிக்கும் நீளமான ஒரு கோட்டைத் தொட்டார். “ஒரே கூரை, ஒரே கட்டடம். ஒரு இலக்கம்தாம்மா.”

“நடுவுல சுவரு இருக்குங்க ஐயா. பன்னெண்டு அடுப்பு எரியுது. நாலாவது வீட்டோட எங்களுக்குப் பேச்சுவார்த்தைகூட இல்லீங்க.”

“சுவரு மலையாகுமா? கண்டம் வேற, லயம் வேற.”

அவள் குறிப்பேட்டைப் பார்த்தாள். “ஆளே இல்லாத ஊருக்குக்கூட ஏழாம் நம்பர் குடுத்தீங்களே ஐயா.”

அது விஞ்ஞானம் என்று அவர் அன்பாக விளக்கி அனுப்பினார்.

பொழுது சாய வீடு திரும்பியவள் வீடு வீடாகப் போய்ச் சாமிப் படங்களைப் புரட்டினாள். இரண்டு வருட வைராக்கியத்தை விட்டு நாலாவது வீட்டுப் படியும் ஏறினாள். அங்கே முருகன் படத்துக்குப் பின்னால், விபூதி வாசத்தோடு கடிதம் இருந்தது. நேர்முகத் தேர்வு அதே புதன்கிழமை, காலை ஒன்பது மணிக்கு. இடம் பதுளை, அந்தக் காரியாலயத்துக்கு இரண்டு தெரு தள்ளி. கம்சலா அதை இரண்டு முறை வாசித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

காரியாலயத்தை ஒரு குறை சொல்ல முடியாது. இனிமேல் அந்தாட்டிக்காவுக்குப் போகும் கடிதம் ஒன்றுகூடத் தவறாது.