தண்ணீரில் விடவேண்டிய கொடுவா

பாஸ்கர் வலைக்கூண்டைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்த்தான். கூண்டு இருந்தது. கயிறு இருந்தது. கயிற்றில் அவன் போட்ட முடிச்சும் அப்படியே இருந்தது. உள்ளே இருந்த மீனை மட்டும் காணோம்.

"கன்னிம்மா, இதுல ஒரு கொடுவா கட்டி வுட்டிருந்தேனே, பாத்தியா?"

"பாத்தேனே," என்று பின்பக்கத்திலிருந்து அவன் மனைவி குரல் கொடுத்தாள். "உப்பு போதுமான்னு வந்து வாயில வுட்டுப் பாரு."

பாஸ்கர் கூண்டை அப்படியே போட்டான். ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்பில் சட்டி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மாங்காய் போட்ட குழம்பு. வேறொரு நாளாக இருந்தால் அந்த வாசனைக்கே ரெண்டு தட்டு சோறு உள்ளே போயிருக்கும்.

"அடிப்பாவி, அது ஒவைஸ் சாரு புடிச்ச மீனுடி."

"தெரியும். அதான் அவரு திரும்பி வர்றதுக்குள்ள ஆக்கிடலாம்னு அறுத்தேன். விருந்தாளி மொத மொத புடிச்ச மீனு. அவரு எலையில வெக்காம வேற எங்க வெக்கறது?"

"அவரு அத திரும்ப ஆத்துல வுடப் போறாரு."

கன்னியம்மாவின் கரண்டி நின்றது. "இன்னாது?"

"உசுரோட வுடப் போறாரு. அதான் அவுங்க வெளாட்டு. புடிப்பாங்க, பாப்பாங்க, வுட்டுருவாங்க."

"வுடறதுக்கு எதுக்குய்யா புடிக்கணும்? அதுபாட்டுக்கு தண்ணியிலதான கெடந்துச்சு?"

நியாயமான கேள்விதான். அவள் பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, பிடித்த மீனைத் தண்ணீரில் விட்ட ஆள் ஒருத்தர் கிடையாது. அப்படி ஒருத்தன் விட்டிருந்தால் மந்திரித்துத் தாயத்துக் கட்டியிருப்பார்கள்.

ஒவைஸ் சார் மணலியில் ஒரு தொழிற்சாலையில் பெரிய அதிகாரி. சில வருஷம் ஸ்காட்லாந்தில் வேலை பார்த்தவர். அங்கே ட்ரவுட் என்று ஒரு மீன். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய்ப் பெருத்து, திரும்ப ஆற்றுக்கே வருமாம். அதைப் புழு இல்லாமல், இறால் இல்லாமல், தூண்டில் முள்ளில் கலர் இறகைக் கட்டிப் பூச்சி மாதிரி தண்ணீர்மேல் வீசிப் பிடிப்பார்களாம். ஊருக்குத் திரும்பியும் அந்தப் பைத்தியம் அவருக்குத் தெளியவில்லை. நம் கொடுவாவும் ஆற்றுக்கும் கடலுக்கும் போய்வருகிற மீன்தானே என்று, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து, ஈரத்துணியை உதறுவதுபோல் தூண்டில் கயிற்றைக் காற்றில் உதறிக்கொண்டிருந்தார்.

அவரை நம்பித்தான் பாஸ்கர் ரோடே போகாத இக்கரையில், அலையாத்திச் செடிகளுக்கு நடுவே ஒரு கொட்டகை போட்டு 'ரிவர் லாட்ஜ்' என்று போர்டு மாட்டியிருந்தான். உள்ளே ஒரு கட்டில், ஒரு ஃபேன். படகில்தான் வரவேண்டும். ஒவைஸ் சாரைத் தவிர ஒரு ஈ காக்கை வரவில்லை. கன்னியம்மா பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியாகக் கெடு வைத்துவிட்டாள். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் லாட்ஜுக்கு ஒரு வழி பிறக்காவிட்டால், பாஸ்கர் அவள் அண்ணனிடம் டேங்கர் லாரி கிளீனராகச் சேரவேண்டும். அந்த மச்சானுக்குக் கீழே வேலை செய்வதற்குப் பதில் டேங்கருக்குள்ளேயே விழுந்துவிடலாம் என்பது பாஸ்கரின் எண்ணம்.

இன்று காலையில்தான் வழி பிறந்தது. ஆள் நிழல் பட்டால் கொடுவா வராது என்று சொல்லி, ஒவைஸ் சார் அவனை டீ எடுத்துவர அனுப்பினார். அவன் திரும்பி வந்தபோது தூண்டில் வில்லாக வளைந்திருந்தது. முனையில் ஒரு கொடுவா. சார் கயிற்றை அறுத்தார். இறகையும் முள்ளையும் மீன் வாயிலேயே விட்டுவைத்தார். "இறால் வச்சுப் பிடிக்கலை, இறகு வச்சுத்தான் பிடிச்சேன்னு ஜானட் மேடம் கண்ணால பாக்கணும் பாஸ்கர். அவங்கதான் எங்க தூண்டில் கிளப் செக்ரட்டரி. ஃபோட்டோவெல்லாம் நம்ப மாட்டாங்க. அவங்க முன்னாடி உயிரோட விட்டாத்தான் கணக்கு. அவங்க சரின்னுட்டா கிளப்பே வாராவாரம் உன் லாட்ஜுக்கு வரும்."

ஜானட் மேடத்தை அழைத்துவர அவர் ராயபுரம் போயிருக்கிறார். மீன் இங்கே கொதிக்கிறது.

"வேற ஒன்னு புடிச்சி வுட்டுடுய்யா. எந்த மீனு பேர் சொல்லப்போவுது?" என்றாள் கன்னியம்மா.

அவசரத்துக்கு அந்த யோசனையும் நல்லதாகத்தான் தெரிந்தது. பாஸ்கர் படகைத் தள்ளிக்கொண்டு பறந்தான். உப்பங்கழியில் கொஞ்சம் தள்ளி நீலமேகம் கூண்டு கட்டிக் கொடுவா வளர்க்கிறான். விசாரித்தால் ஊருக்கே சொல்லிவிடுவான் என்பதால் பாஸ்கர் பொய் சொன்னான்.

"மச்சான் வூட்டுக்கு வர்றாரு. துள்ளத் துள்ள ஒன்னு குடு நைனா."

"சின்னதெல்லாம் போச்சு. இதான் கீது," என்று நீலமேகம் ஒன்றை அள்ளி டிரம்மில் போட்டான்.

காலையில் பிடித்தது ஒரு முழம். இது ஒன்றரை முழத்துக்கு வஞ்சனை இல்லாமல் இருந்தது. ஆனால் பேரம் பேச நேரமில்லை. வருகிற வழியில் மீன் வேறு மல்லாந்துவிட்டது. ஒரு கையால் படகை ஓட்டி, ஒரு கையால் டிரம் தண்ணீரைக் கலக்கி, "செத்துடாத, உன் கால்ல வுழறேன்," என்று காலே இல்லாத மீனிடம் கெஞ்சிக்கொண்டு வந்தான். கரை வந்தபோது அது லேசாக வாலை ஆட்டியது.

"இன்னாய்யா இது, காளமாடு மாதிரி கீது," என்றாள் கன்னியம்மா.

"அத வுடு. அந்த மீனு வாயில ஒரு எறகு இருந்துச்சே, பச்சையும் ஆரஞ்சுமா. எங்க?"

"செவுள கிள்ளி எறிஞ்சேன். எறகு ஒன்னும் பாக்கலியே. தலைய முழுசாதான் போட்டிருக்கேன்."

இருவரும் சட்டியைப் பார்த்தார்கள். குழம்பு குமிழி விட்டது. பாஸ்கர் கரண்டியை எடுத்த நேரம் பார்த்து அக்கரையில் கார் ஹாரன் அடித்தது.

"நான் அவுங்கள கூட்டினு வரேன். நீ எதுனா ஒரு முள்ளுல எறகு கட்டி இது வாயில மாட்டு."

"எறகுக்கு நான் எங்க போவேன்?"

"கோழி இன்னாத்துக்கு வளக்குற?"

ஜானட் மேடம் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். படகில் ஏறியதும் கைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாஸ்கருக்கு அந்த டேப் தூக்குக்கயிறாகத் தெரிந்தது.

"மீன் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"சூடா..." என்று ஆரம்பித்த பாஸ்கர் நாக்கைக் கடித்துக்கொண்டான். "சூடா கீதே வெயிலு, மேடம். அதான் நெழல்ல வெச்சிருக்கேன்."

ஒவைஸ் சார் ஏனோ பேசவேயில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தார். சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று பாஸ்கர் நினைத்துக்கொண்டான்.

கரையில் கன்னியம்மா தயாராக நின்றாள். கூண்டைத் தூக்கியதும் ஒவைஸ் சாரின் கண் விரிந்தது. மீனைப் பார்த்தார். பாஸ்கரைப் பார்த்தார். மறுபடி மீனைப் பார்த்தார்.

"இது..." என்றார்.

பாஸ்கர் கூண்டைப் பாதி தண்ணீருக்குள் இறக்கினான்.

ஜானட் மேடம் டேப்பை நீட்டி அளந்தார். "என்ன மிஸ்டர் ஒவைஸ், ஃபோன்ல முழங்கை நீளம்னீங்க? இது அதுக்கு மேல எங்கேயோ போகுதே."

ஒவைஸ் சார் எச்சில் விழுங்கியது பாஸ்கர் காதில் விழுந்தது. "நமக்கு நாமே பெருமை அடிச்சுக்கக் கூடாதுன்னு குறைச்சுச் சொன்னேன் மேடம்."

பாஸ்கருக்குப் போன உயிர் பாதி திரும்பியது. மீதிப் பாதி வருவதற்குள் ஜானட் மேடம் மீனின் வாயருகே குனிந்தார். அங்கே கன்னியம்மாவின் பழுப்புக் கோழி இறகு, தையல் நூலில் கட்டப்பட்டுத் தொங்கியது.

"பச்சை, ஆரஞ்சுன்னு சொன்னீங்க. இது கோழி இறகாட்டம் இருக்கு?"

பாஸ்கர் முந்திக்கொண்டான். "நம்ம ஆத்துத் தண்ணி மேடம். பச்சைய போட்டாலும் பழுப்பாதான் வரும். செவப்ப போட்டாலும் பழுப்பாதான் வரும்."

ஜானட் மேடம் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்தத் தண்ணீரைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. தலையை ஆட்டிவிட்டு, "சரி, விடுங்க," என்றார்.

ஒவைஸ் சார் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, முள்ளைக் கழற்றி, மீனை மெல்ல விட்டார். அது போகவில்லை. அங்கேயே ஒரு வட்டம் அடித்துவிட்டு, அவர் எதிரில் வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. கூண்டில் வளர்ந்த மீனுக்கு ஆளைப் பார்த்தால் தீனி ஞாபகம்தான் வரும். அவர் ஒரு அடி நகர்ந்தார். அதுவும் நகர்ந்தது.

"ஏன் போகமாட்டேங்குது?" என்றார் ஜானட் மேடம்.

"நன்றி மேடம்," என்றான் பாஸ்கர். "உசுரோட வுட்டாருல்ல."

சொல்லிக்கொண்டே தண்ணீரில் இறங்கி, யாரும் பார்க்காமல் கால் கட்டைவிரலால் அதை ஒரு நெட்டு நெட்டினான். மீன் கோபித்துக்கொண்டு ஆழத்துக்குப் போனது. ஜானட் மேடம் கை தட்டினார். பாஸ்கர் கண்ணை மூடிக் குலதெய்வத்துக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டான். கண்ணைத் திறந்தால், கன்னியம்மா வாழையிலை போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"சாருக்கு நெறைய வேலை கீது, கெளம்பணும்," என்று பாஸ்கர் பதறினான்.

"எனக்கு ஒரு வேலையும் இல்லை," என்று ஜானட் மேடம் உட்கார்ந்துவிட்டார். "வாசனை அக்கரைக்கே வந்துச்சு. என்ன மீனும்மா?"

"வவ்வாலு," என்றான் பாஸ்கர்.

"கொடுவா," என்றாள் கன்னியம்மா. அவள் பொய் சொல்லுவாள், ஆனால் குழம்பு விஷயத்தில் சொல்லமாட்டாள்.

"மார்க்கெட் கொடுவா மேடம். ஐஸ்ல கெடந்தது."

கன்னியம்மா அவனை ஒரு முறை முறைத்துவிட்டு, சட்டியில் கையகலக் கரண்டியை விட்டுத் தலையை முழுசாக எடுத்து ஒவைஸ் சார் இலையில் வைத்தாள்.

"சாரு தலை சாப்பிட மாட்டாரு, எனக்குப் போடு," என்று பாஸ்கர் கை நீட்டினான்.

"சும்மா இருய்யா. வூட்டுக்கு வந்த பெரியவங்களுக்குத்தான் தலை. காசு வாங்குறோம்னா, மரியாத தெரியாதவங்களா நாம?"

ஒவைஸ் சார் மீன் தலையை ரெண்டாகப் பிளந்தார். பாஸ்கர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல்கள் நின்றன. தாடைக்கு உள்பக்கம், புளிக்கும் மிளகாய்க்கும் நடுவே, பச்சையும் ஆரஞ்சுமாக ஒன்று பளபளத்தது.

ஒவைஸ் சார் நிமிர்ந்து பாஸ்கரைப் பார்த்தார். பாஸ்கர் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்தான். அவன் கண்முன்னால் டேங்கர் லாரி ரிவர்ஸில் வந்தது. மச்சான் விசில் ஊதினார்.

"என்ன ஆச்சு?" என்று ஜானட் மேடம் கேட்டார்.

"முள்ளு," என்றார் ஒவைஸ் சார். கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைப்பதுபோல் அந்த இறகை அதற்குள் சுருட்டிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அப்புறம் தலையைக் குனிந்து, சத்தமில்லாமல், இலையில் இருந்த முழுத்தலையையும் சாப்பிட்டு முடித்தார்.

கிளம்பும்போது ஜானட் மேடம் கன்னியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க ஆளுங்க நாலு பேரைக் கூட்டிட்டு வரேன். மீன் பிடிக்கிறாங்களோ இல்லையோ, குழம்பு வச்சுடும்மா."

பாஸ்கர் அவர்களை அக்கரையில் இறக்கிவிட்டான். மேடம் காரில் ஏறியதும் ஒவைஸ் சார் அவனருகே வந்து இரண்டு கையையும் இறுகப் பிடித்தார். "பாஸ்கர், இன்னைக்கு நடந்தது நமக்குள்ளேயே இருக்கட்டும்."

பாஸ்கருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. படகில் திரும்பி வரும் வரைக்கும் வந்துகொண்டே இருந்தது.

"தெய்வம்டி அந்த மனுசன்," என்றான் கன்னியம்மாவிடம். "ஆசையா புடிச்ச மீன கொழம்பு வெச்சு அவருக்கே போட்டோம். கண்ணால பாத்துட்டும், நம்ம மானத்த காப்பாத்த ஒரு வார்த்த பேசல. நாமதான் அவர ஏமாத்திட்டோம்."

கன்னியம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அண்ணனுக்குப் போன் போட்டு, பாஸ்கர் வரமாட்டான், வேறு கிளீனரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

நீலமேகம் டிரம்மை வாங்கிப்போகத் தன் படகில் வந்தான். அக்கரையில் வளைந்து போகிற காரைப் பார்த்ததும் பாஸ்கரிடம் சொன்னான்.

"அந்தக் கார்ல போற சாரு காத்தால உன்ன டீக்கு அனுப்புனப்ப, நானும் அவரு டிரைவரும்தான் தண்ணியில எறங்கி என் கூண்டுக் கொடுவாவ அவரு முள்ளுல மாட்டி வுட்டோம், இப்ப அடுத்த வாரம் நாலு பேருக்கு மாட்டணும்னு மெசேஜ் அனுப்பிக்கீறாரு, ஆளு பத்தாது, நீயும் கொஞ்சம் தண்ணியில எறங்கேன் மாமு."