பேபி சிஸ்டர் பெரிய மனுஷி ஆகாத கதை

தேனி ஜில்லாவில் ஊசியைக் கண்டால் மயங்கி விழுகிறவர்களை வரிசையாக நிறுத்தினால், அந்த வரிசை வீரபாண்டியைத் தாண்டிச் சின்னமனூர் வரைக்கும் போகும். அத்தனை பேரும் முனகாமல் கை நீட்டிய ஒரே ஆள் பேபி சிஸ்டர்தான்.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் லேபில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. மலைக்கு ஜீப் ஓட்டுகிற முரட்டு மீசைக்காரர்கள் அவள் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வந்து உட்காருவார்கள். "எனக்கு நரம்பே கெடைக்காது, மருதையிலயே தேடிப் பாத்துட்டுக் கைய விரிச்சுட்டாக" என்று பெருமை பேசுகிற பெரியம்மாக்களுக்கு, அந்தப் பேச்சு முடிவதற்குள் கையில் பஞ்சு ஒட்டியிருக்கும். ஒருமுறை ஒருவர், "இது என் ரத்தந்தானா?" என்று சந்தேகப்பட்டு, குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இவ்வளவு கெட்டிக்காரிக்குப் பேபி என்று பெயர் வந்தது எங்கள் விடுதியில். வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற அந்த விடுதியில் அவளும் நானும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். இருவருக்கும் ஒரே வயது. நான் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் ஃபிளெக்ஸ் போர்டும் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். சேர்ந்த அன்று அவள் பெட்டியைத் திறந்ததும், எல்லாவற்றுக்கும் மேலே வாத்துப் படம் போட்ட துண்டு ஒன்று கிடந்தது. வார்டன் அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏத்தா, நீ என்ன பேபியா?"

அவள் சிரிக்கவில்லை. பையைத் துழாவி ஆதார் அட்டையை எடுத்து நீட்டினாள். "இல்லீங்க. முப்பத்தொன்னு முடிஞ்சு நாலு மாசம் ஆகுது."

அதோடு தீர்ந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தப் பெயர் பரவிவிட்டது.

வார்டன் அம்மா பேச்சுவாக்கில், "இத உன் வீடு மாதிரி நெனச்சுக்க ஆத்தா" என்று சொல்லிவைத்தார். மறுநாள் காலையில் சமையலறைக்குள் போனவர் போட்ட கூச்சலில் தெருவே எழுந்துவிட்டது. அலமாரியில் இருந்த டப்பாக்கள் எல்லாம் இடம் மாறியிருந்தன.

"உப்பு எங்கனடி?"

"உளுந்துக்கு முன்னாடி இருக்குங்க."

"உளுந்து எங்கன?"

"கடலைப் பருப்புக்கு முன்னாடி. அகர வரிசைங்க. எங்க வீட்டுல அப்படித்தான் வச்சிருப்பேன்."

இப்படி அவளைப் பற்றி நாள் முழுக்கச் சொல்லலாம். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவாள். சுடிதாரில் கழுத்துக்குப் பின்னால் தைத்திருக்கிற கம்பெனிப் பெயர்த் துணுக்கை வெட்டி எறியாமல் எதையும் போடமாட்டாள். இரவுக்கு இட்லி, தொட்டுக்கொள்ளச் சீனி, தீபாவளியானாலும் அதேதான். எல்லோரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவாள். லேபில் மூன்று மாதக் குழந்தையிடம்கூட, "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கங்க" என்பாள். விடுதியில் அவளை யாரும் 'நீங்க' என்று சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

எங்கள் அறையில் மூன்றாவது ஆள், துணிக்கடையில் வேலை பார்த்த ஒரு கம்பத்துக்காரி. அவளுக்குக் கம்பத்திலேயே கல்யாணம் வைத்தார்கள். நாங்கள் போனோம். மண்டபத்தில் நுழைந்ததும் அத்தைமார் நாலைந்து பேர் பேபியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒனக்கு எத்தன புள்ளைக?"

"இல்லீங்க. கல்யாணம் ஆகல."

"அட, அப்ப எங்களுக்கெல்லாம் எப்பச் சாப்பாடு போடப்போற?"

பேபி கொஞ்சம் யோசித்துவிட்டு மாடிப்படியைக் காட்டினாள். "பந்தி மேல நடக்குதுங்க. நீங்க இன்னும் சாப்பிடலையா?"

அத்தைமார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தி என் பக்கம் திரும்பி, பேபிக்குக் கேட்கும்படியாகவே, "இந்தப் பிள்ளைக்கு என்ன, வெவரம் பத்தாதா?" என்றாள். நான் சிரித்து மழுப்பினேன். திரும்பிப் பார்த்தால் பேபியைக் காணோம். கடைசியில் மேடைக்குப் பக்கத்தில், ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். பல்லியின் வால் அறுந்து விழுந்தால் வலிப்பது பல்லிக்கா, வாலுக்கா என்று கடும் விவாதம். பேபி பல்லியின் கட்சி.

பிறகு, தோழிகள் படம் எடுப்பதற்காக எல்லோரும் மேடை ஏறினோம். போட்டோக்காரர், "சின்னப் புள்ளைகல்லாம் முன்னாடி தரையில உக்காருங்க" என்று குரல் கொடுத்தார். பேபி முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். யாரும் எழுப்பவில்லை. எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் படம் போனில் வந்திருந்தது. பேபி அதைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"ஒன்னு கேக்கலாமா? நீங்கல்லாம் எப்பப் பெரியாளானீக?"

எனக்குக் குறும்பு. "எட்டாங்கிளாஸ் படிக்கைல. பந்தல் போட்டு, மாமா சீர் கொண்டாந்து, மஞ்சத்தண்ணி ஊத்தி..."

"அது எனக்குந்தான் பண்ணுனாக. மைக்செட்டெல்லாம் கட்டுனாக. பெரிய மனுஷி ஆயிட்டா, பெரிய மனுஷி ஆயிட்டான்னு வந்தவக எல்லாருஞ் சொன்னாக. நானும் அன்னையிலருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். ஒன்னும் ஆகலையே."

நான் கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கூடப் படிச்சவுக எல்லாம் ஒரு நாள் திடீர்னு வேற மாதிரி பேச ஆரம்பிச்சாக. எப்பச் சிரிக்கணும், யார்கிட்ட எதச் சொல்லக்கூடாது, எல்லாந் தெரிஞ்சிருந்துச்சு. நான் லீவு போட்ட அன்னைக்கு அந்தப் பாடத்த நடத்திட்டாகளோன்னு நெனப்பேன். ஆனா நான் லீவே போட்டதில்லங்க."

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "ஏய், நாங்களும் பெரியாளு மாதிரி நடிக்கத்தான் செய்றோம்" என்றேன்.

"நடிக்கத் தெரியுதுல்ல உங்களுக்கு? எனக்கு அதுந் தெரியல" என்று சொல்லிவிட்டு, காலி வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அதற்கு அடுத்த வருஷம் லேபில் ஒன்று நடந்தது. ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று ரத்தம் எடுக்க விடாமல் அலறியது. நான்கு பேர் பிடித்தும் முடியவில்லை. பேபி எல்லோரையும் வெளியே அனுப்பினாள். டியூப் லைட்டை அணைத்தாள், ஃபேனை நிறுத்தினாள், தரையில் உட்கார்ந்தாள். "நான் ஒன்னுலருந்து ஒம்போது வரைக்கும் எண்ணுவேன். ஒம்போதுல ஊசி வெளிய வந்துரும். பத்து கெடையாது. சரிங்களா?" என்றாள். குழந்தை கையை நீட்டியது. ஒன்பதில் ஊசி வெளியே வந்தது.

மதுரையிலிருந்து மாதம் இருமுறை வந்து குழந்தைகளைப் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். பேபி, "எனக்கு இப்படிச் செஞ்சா நல்லாருக்கும்னு தோணும். அதான்" என்றாள். டாக்டரம்மா அவளை உட்காரவைத்து நிறையக் கேள்விகள் கேட்டார். பிறகு மதுரைக்கு வரச் சொன்னார். மூன்று முறை போய்வந்தாள்.

மூன்றாவது முறை திரும்பிய சாயங்காலம், நாங்கள் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஃபைலைத் திறந்து ஒரு காகிதத்தை மேஜைமேல் வைத்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எனக்கு ஆட்டிசம்னு எழுதிக் குடுத்துருக்காக. பொறந்ததுலருந்தே இருக்காம். அப்ப நான் திமிரு புடிச்சவ இல்ல. மக்கும் இல்ல."

வார்டன் அம்மா காகிதத்தை எட்டிப் பார்த்தார். "அது சின்னப் புள்ளைகளுக்குல்ல ஆத்தா வரும்?"

மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன். பேபி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, எப்போதும் போல ஒரு நொடி தாமதமாகச் சிரித்தாள். பிறகு காகிதத்தை ஃபைலுக்குள் வைத்து மூடினாள். எங்கள் முன்னால் அதை மறுபடி திறக்கவே இல்லை.

கெங்குவார்பட்டியில் அவளுடைய அம்மா இறந்தது அதற்கு ஆறு மாதம் கழித்து. காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய மறு வாரம், அவள் அண்ணன் விடுதிக்கு வந்தார். தென்னையும் மாமரமும் வைத்திருக்கிற விவசாயி. நல்ல மனிதர், தங்கச்சிமேல் உயிர். பார்வையாளர் அறையில் உட்கார்ந்து, துண்டை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"டாக்டரு என்னமோ எழுதிக் குடுத்துருக்காராம்ல. ஆத்தாவும் போயிருச்சு. நீங்கதான் இத்தன வருசம் கூட இருக்கீக. உள்ளதச் சொல்லுங்க. தனியா இருந்துக்கிருமா?"

அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். போடிக்குப் போகப்போகிறேன். நான் இல்லாமல் இவள் என்ன செய்வாள் என்று எனக்குள் ஒரு பெரிய மனுஷித்தனம். அக்கறை என்றுதான் அப்போது அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

"அவ சின்னப்புள்ள மாதிரிண்ணே. வீட்டோட இருந்தாத்தான் எல்லாருக்கும் நிம்மதி."

வாசலில் பேபி நின்றுகொண்டிருந்தாள். அண்ணனுக்குக் காப்பி கொண்டுவந்திருந்தாள். தம்ளரை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

இரண்டு நாளில் வேலையை விட்டாள், பெட்டியைக் கட்டினாள். ஆட்டோ வந்து நின்றதும் என்னிடம் வந்தாள். "பத்து வருசத்துக்கு மேல வேலைக்குப் போறேன். என் துணிய நாந்தான் தொவைக்கிறேன். நானே பஸ்ஸேறி ஊருக்குப் போறேன், நானே வாரேன். இதுல எது சின்னப்புள்ள செய்றதுங்க?"

குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதில் வராதபோது நம் வாயில் வருகிற ஒரே கேள்வி எனக்கும் வந்தது. "சாப்ட்டியா?"

"சாப்ட்டேங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

ஒன்றரை வருஷம் கழித்து அண்ணன் மகளுக்குக் காதுகுத்து என்று பத்திரிகை வந்தது. கெங்குவார்பட்டிக்குப் போனேன். பந்தியில் பெரியவர்கள் வரிசையில் அவளைத் தேடினேன். பிள்ளைகள் வரிசையின் கடைசியில் இருந்தாள். இளைத்திருந்தாள். அவள் இலையில் மட்டும் அண்ணன் மனைவி அப்பளத்தை நொறுக்கிப் போட்டுவிட்டுப் போனார்.

"எப்படி இருக்க?" என்று கேட்டேன்.

"நல்லாருக்கு. சொன்ன பேச்சக் கேக்கும், ஒரு தொந்தரவு இல்ல" என்று அண்ணன் மனைவிதான் பதில் சொன்னார். பேபி என்னைப் பார்த்தாள்; பிறகு இலையைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகளோடு அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேச்சையே நிறுத்தியிருந்தாள்.

கை கழுவுகிற இடத்தில் அண்ணனைப் பிடித்தேன். "அண்ணே, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அவ சின்னப்புள்ள இல்ல. சத்தம் ஆகாது, கூட்டம் ஆகாது, சுத்தி வளச்சுப் பேசுனாப் புரியாது. அம்புட்டுத்தான். வேலையில அவள மிஞ்ச ஆளில்ல."

அவர் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். "அன்னைக்கு அப்படிச் சொன்னீக. இன்னைக்கு இப்படிச் சொல்றீக. நான் எத நம்புறது?"

"என்னைய நம்ப வேணாம்ணே. அவகிட்டயே கேளுங்க."

"அவகிட்டயா?" என்றார். அவருடைய முகத்தில் இருந்தது நிஜமான ஆச்சரியம்.

அவர் கேட்பதற்கு இன்னும் எட்டு மாதம் ஆனது. கேட்டார், அதற்காக அவரைக் கும்பிட வேண்டும். இப்போது அவளுக்குப் பெரியகுளத்தில் ஒரு சின்ன லேபில் பாதி நாள் வேலை. வாசலிலேயே பஸ் நின்றாலும், அண்ணன்தான் பைக்கில் கொண்டுவிட்டுக் கூட்டிவருகிறார். தேனி ஆஸ்பத்திரியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது. போன வருஷங்கள் போனவைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு பத்துக்கு என் போன் அடித்தது. எடுத்தால், ஹலோகூட இல்லை.

"அன்னைக்கு ஏன் அண்ணங்கிட்ட அப்படிச் சொன்னீக?"

இரண்டு வருஷமாக எனக்குள் எத்தனையோ விளக்கங்களைத் தயார்செய்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, "தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன்.

"தப்புன்னு எப்பத் தெரிஞ்சுச்சு?"

"சொல்லும்போதே கொஞ்சம் தெரிஞ்சுச்சு."

 "சரிங்க" என்றாள். இணைப்பு துண்டானது. அவ்வளவுதான், இனி பேசமாட்டாள் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு அதே நாலு பத்துக்குப் போன் அடித்தது. அந்த வாரம் நடந்ததையெல்லாம் திங்களிலிருந்து சனி வரை வரிசையாகச் சொன்னாள். "ஒரு பெரியவரு என்னையப் பெரிய டாக்டரம்மான்னு கும்பிட்டாக. இல்லீங்கன்னு சொல்லி, டாக்டர் ரூமக் காட்டிவிட்டேன்" என்றாள். சனிக்கிழமை முடிந்ததும் போனை வைத்துவிட்டாள். அதிலிருந்து ஒரு வாரமும் தவறியதில்லை. என்னை மன்னித்துவிட்டாளா என்று தெரியாது. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள். கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மற்ற நாட்களில் என் போன் வீட்டில் எந்த மூலையில் கிடக்கிறது என்று எனக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மட்டும், சார்ஜ் போட்டு, கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.