காதுகுத்தில் ஒரு மியூட் பொத்தான்

நாமே எழுதிய பொத்தானை நம்பி நாம் வாயைத் திறக்கக் கூடாது. இணையதளம் செய்து பிழைக்கும் எனக்கு இந்த ஞானம் என் மகனின் காதுகுத்து அன்றுதான் வந்தது. அதுவும் ஒலிபெருக்கி வழியாக.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். என் மனைவி மலரின் அண்ணன் செல்வராசு மச்சானோ துபாயில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். லீவு கிடைக்கவில்லை. தங்கை பிள்ளைக்குத் தான் இல்லாமல் காது குத்துவதா என்று அவருக்கு மனசு ஆறவில்லை. வழக்கமான ஆப்களில் அங்கிருந்து வீடியோ கால் சரியாக வருவதும் இல்லை.

"ஆப்பே வேணாம் மச்சான். நான் ஒரு லிங்க் அனுப்புறேன், தட்டுனாப் போதும். படம், குரல் எல்லாம் பிரவுசருக்குள்ளயே வந்துடும். எந்த பிரவுசரா இருந்தாலும் ஒரே விதிமுறை, உலகமே ஒத்துக்கிட்டது" என்றேன். (உலகம் ஒத்துக்கொண்டது உண்மைதான். நான் எழுதியதை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, அதுதான் சிக்கல்.)

வாலிகண்டபுரம் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயில். அரியலூரிலிருந்து மாமியார் வீட்டார் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். நாற்காலியில் என் லேப்டாப், அதிலிருந்து ஒரு வயர் மைக்செட்டுக்கு. பிள்ளையை மடியில் வைத்து அதன் எதிரே உட்காரும்படி மலரிடம் சொன்னதும் மாமியார் முகம் சுளித்தார்.

"தாய்மாமன் மடியிலல்ல ஒக்காரணும்?"

"அத்த, இதுக்குப் பேரே மடிக்கணினி!"

நான் மட்டும் சிரித்தேன். ஆசாரி ஊசியைத் துடைத்தபடி, "தாய்மாமன் வாயால சரின்னு சொல்லட்டும், குத்திப்புடுறேன்" என்றார்.

மச்சான் திரையில் வந்தார். புதுச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, பின்னால் ரூம்காரர்கள் நாலைந்து பேர். மேளம் தொடங்கியது.

"மாப்ள, ஒண்ணும் கேக்கலியே! நாயனக்காரரு கன்னத்தை உப்பி உப்பிக் காட்டுறாரு, சத்தத்தையே காணோம்."

பிரவுசருக்குள் இரைச்சலை வடிகட்டும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அது எங்கள் நாதஸ்வரத்தை இரைச்சல் என்று முடிவு செய்துவிட்டது. கூட்டத்தின் நடுவே அவர் குறை சொன்னதில் எனக்குச் சுருக்கென்றது. மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, நான் எழுதிய மியூட் பொத்தானை அழுத்தினேன். இனி நம் பேச்சு அங்கே போகாது என்ற தைரியத்தில் மலரிடம் பொரிந்து தள்ளினேன்.

"ஒங்கண்ணனுக்கு மேளம் வேற கேக்கணுமாம்! லீவு கெடைக்கலியாம், பெரிய கலெக்டர் உத்தியோகம். ஓட்டுறது ஃபோர்க்லிஃப்ட்டு!"

திரையில் மச்சானின் வாய் வேகமாக அசைந்தது. கை உயர்ந்தது. கண் கலங்கியிருந்தது.

"மச்சான் ஆசீர்வாதம் பண்றாரு, எல்லாரும் கும்பிட்டுக்குங்க!" என்று அறிவித்தேன். என் சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மலர் திரையை உற்றுப் பார்த்தாள். "என்னங்க, இது ஆசீர்வாதம் இல்லீங்க. எங்கண்ணனுக்குக் கோவம் வந்தாதான் வலது புருவம் இப்புடி ஏறும்." சொன்ன கையோடு பொத்தானைத் திரும்ப அழுத்தினாள்.

"...ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவன் மடிதான்யா ஒம்புள்ளைக்குக் கேக்குது!" கோயில் வேப்பமரத்துக் காக்கைகள் அத்தனையும் பறந்தன.

பிறகுதான் புரிந்தது. என் பொத்தான் எங்கள் மைக்கை அடைக்கவே இல்லை. அங்கிருந்து வந்த குரலைத்தான் அடைத்திருக்கிறது. வாயைப் பொத்துவதற்குப் பதில் காதைப் பொத்திக்கொண்டு பேசியிருக்கிறேன்.

மேளக்காரர் என்னைப் பார்த்தார். மாமியார் வேனைப் பார்த்தார். ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டார். மலர் என்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

"மச்சான், வாய் தவறி..." என்று இழுத்தேன். மச்சானின் புருவம் இறங்கவில்லை. அந்தப் புருவத்துக்குப் பயந்தோ என்னவோ, பையன் வீறிட்டு அழுதான். திரையை நோக்கி இரண்டு கையையும் நீட்டினான். அது மாமாவையா, மினுமினுத்த லேப்டாப்பையா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். மச்சானுக்குச் சந்தேகமே இல்லை. அவர் புருவம் இறங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"அழுவாத சாமி, மாமா இருக்கேன். ஆசாரி, நீங்க குத்துங்க. புள்ளைக்கு முடிச்சுட்டு அப்புடியே அவங்கப்பனுக்கும் ஒண்ணு குத்தி வுடுங்க. அவனுக்குத்தான் காது அடைச்சிருக்கு!"

கூட்டம் சிரித்த சிரிப்பு ஒலிபெருக்கியில் போய், துபாய்க்குப் போய், அங்கே ரூம்காரர்களின் சிரிப்பையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது. மலரும் சிரித்துவிட்டாள். எனக்கு உயிர் வந்தது.

அடுத்த லீவில் வந்த மச்சான், பையனுக்கு ஒரு ஜோடியும் எனக்கு ஒரு ஜோடியுமாகக் கடுக்கன் வாங்கி வந்தார். பொத்தானைச் சரிசெய்துவிட்டேன், மச்சானும் என்னை மன்னித்துவிட்டார். ஆனாலும் சொந்தத்தில் எந்தக் காதுகுத்து நடந்தாலும் என் கடுக்கன் பெட்டியை மலர் மறக்காமல் எடுத்து வருகிறாள். பிள்ளைக்குக் குத்தி முடித்ததும் ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டே கூட்டத்தில் என்னைத் தேடுகிறார்: "பெரிய புள்ள வந்திருக்காப்லயா?"